டப்பாவுக்கு வைத்த பொட்டு

பழைய வண்டிக்கு ஆக்சிஜன் சென்சார் எப்படிப் பார்த்து வாங்குவது, இழுவையை எப்படிக் கூட்டுவது என்று எங்கள் உதிரிபாகக் கடைக்காரர்கள் சங்க மலரில் ஒரு பாடம் வருகிறது. படித்த ஒருவர் அதைப் படம் போட்டு எழுதுகிறார். என்னிடம் செயலாளர், "நீங்க உங்க அனுபவத்த எழுதுங்கக்கா, சும்மா ஜாலியா" என்றார். படித்தவர் எழுதுவதைப் படித்துவிட்டுத் தூக்கம் வருகிறவர்களுக்கு இது.

என் பெயர் அஞ்சலை. விழுப்புரத்தில் ஒரே கடையில் முப்பத்தோரு வருடம் நின்றேன். படித்தது ஐந்தாவது. ஆறாவதுக்குப் போகாததற்குக் காரணம் பள்ளிக்கூடம் தூரம். ஐந்தாவது வரைக்கும் போனதற்குக் காரணம் மத்தியானச் சோறு.

கடையில் சேர்ந்தது கூட்டிப் பெருக்க. பெருக்கும்போது கீழே கிடக்கிற சாமானை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரிய வேண்டும், அதில் ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் துடைப்பத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கவுன்ட்டருக்கு வந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான். இங்கிலீஷ் படிக்க வராது. டப்பாவில் இருப்பதை எழுத்தாகப் பார்க்காமல் கோலமாகப் பார்ப்பேன். வாசலில் தினம் ஒரு கோலம் போடுகிறவளுக்குத் தட்டில் இருக்கிற சாமான் தெரிவது பெரிய விஷயமில்லை.

ஆக்சிஜன் சென்சார் பார்ப்பதற்கு, ஸ்பார்க் பிளக்குக்கு வால் முளைத்தது போல இருக்கும். சைலன்சர் குழாயில் உட்கார்ந்துகொண்டு புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் அதிகம், பெட்ரோல் குறைச்சல் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மாமியார் வேலை. முகரும், சமைக்காது. ஆனால் அதன் பேச்சைக் கேட்டுத்தான் சமையல் நடக்கும்.

யாராவது வந்து சென்சார் கேட்டால் முதலில் பழையதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வேன். போனில் போட்டோ காட்டுவார்கள். போட்டோவைப் பார்த்துக் கல்யாணம் முடித்தவள் நான், அதனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழையது கைக்கு வந்ததும் ஒயரை எண்ணுவேன். ஒன்று இருக்கும், மூன்று இருக்கும், நான்கு இருக்கும். நான்கில் இரண்டு ஒரே நிறமாக இருந்தால் அது சென்சாரைச் சூடு பண்ணுகிற ஒயர். பழையதில் எத்தனையோ புதியதிலும் அத்தனை. அப்புறம் முனையிலிருக்கிற கனெக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. அப்புறம் ஒயர் நீளத்தை முழம் போடுவேன். சில வண்டியில் இரண்டு சென்சார் இருக்கும். சைலன்சரில் புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது வேலை செய்யும், பின்னால் இருப்பது மேற்பார்வை பார்க்கும். இரண்டையும் மாற்றி வாங்கிப் போய், ஒயர் எட்டவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு.

"கனெக்டர் இல்லாததே குடுக்கா, வெல கம்மியா கீது, ஒயர வெட்டி ஒட்டிக்கிறேன்" என்று கேட்பார்கள். கொடுப்பேன். கொதிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் அந்த ஒட்டு எத்தனை நாள் குடும்பம் நடத்தும் என்பதையும் கேட்பேன்.

கடைசியாகப் பழைய சென்சாரின் மூக்கைப் பார்ப்பேன். மூக்கு என்றால் குழாய்க்குள் போகிற பக்கம். அதில் சின்னச் சின்ன வெட்டுத் துளைகள் இருக்கும், புகை அது வழியாக உள்ளே போகும். மூக்கு கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. வெள்ளையாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது, இல்லையென்றால் மெக்கானிக், திருகுகிற மரைக்குப் போடும் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார். அந்தக் கோளாறைச் சரி பண்ணாமல் சென்சாரை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். அதனால் சென்சார் கேட்டு வந்த பாதிப் பேரை ஏர் பில்டரும் பிளக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இழுவை அதிலேயே வந்துவிடும்.

விற்கும்போது எல்லோருக்கும் ஒரே மந்திரம் சொல்வேன். "கீழ போடாத, உள்ள பீங்கான் கீது. மரைக்கு மட்டும் பேஸ்ட்டு. மூக்குல எதுவும் படக் கூடாது." முப்பத்தோரு வருடத்தில் நான் சொன்னதிலேயே உருப்படியானது இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் முதலாளி சிகாமணி. அவர் பல்லை நான் மொத்தம் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று பல் டாக்டரிடம் கூடப் போனபோது. கெட்டவர் இல்லை. தமாஷ் என்று ஒன்று உலகத்தில் இருக்கிற விஷயம் அவர் காதுக்குப் போகவில்லை. யார் எது சொன்னாலும் மனு கொடுத்த மாதிரி வாங்கிக்கொள்வார், ஒரு நாள் யோசிப்பார், மறுநாள் உத்தரவு போடுவார். கடைக்குள் எலி வருகிறது என்று யாரோ சொன்னபோது நான், "அதுவும் கஸ்டமருதான், பில்லு போடுங்க" என்றேன். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அது சரிப்படாது அஞ்சல" என்றார்.

காலையில் ஊதுவத்தி, சந்தனக் கிண்ணம், விபூதித் தட்டு இல்லாமல் அவர் ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்க மாட்டார். கடையில் விற்கிற ஒவ்வொரு சாமானும் அவர் கையால்தான் வெளியே போகும். டப்பாவை வாங்கிச் சாமி படத்தின் காலடியில் தொட்டு, மோதிர விரலால் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒரு சிட்டிகை விபூதி. நட்டு போல்ட்டு வாங்கினாலும் இதுதான். அவர் கைராசிக்காகவே செஞ்சியிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வருவார்கள். அவர் வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மொதலாளி, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"நீங்க பொட்டு வெக்கிறது டப்பாவுக்கு. வாங்கினு போறவன் டப்பாவக் குப்பையில போட்டுட்டு சாமான மாட்டறான். அப்போ புண்ணியம் மொத்தமும் குப்பைக்குதான போவுது?"

முதலாளி மனுவை வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை காலை அவர் மேசையில் புதிதாக ஒரு சின்னக் கத்தி இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவையும் கத்தியால் திறந்து, சாமானை வெளியே எடுத்து, அதற்கே பொட்டு வைத்து, காய்ந்ததும் மறுபடி உள்ளே வைத்து ஒட்டிக் கொடுத்தார். பேரிங், பெல்ட், பம்ப் எதுவும் தப்பவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வெளியே தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் அனந்தபுரம் ஏழுமலை வந்தான். பெட்ரோலில் ஓடுகிற பழைய குட்டி யானை வைத்திருப்பவன். நான்கு சக்கரச் சின்ன லாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றித் திண்டிவனத்து எண்ணெய் மில்லில் இறக்குவது அவன் பிழைப்பு. பதினைந்து வருடம் இன்னொருவர் லாரி ஓட்டி, அப்புறம் சொந்தமாக வாங்கின வண்டி. அவன் மனைவி பெயர் பின்னால் கதவில் எழுதியிருக்கும், அவன் பெயர் எங்கேயும் இருக்காது.

"அக்கா, மேம்பாலம் ஏற மாட்டேங்குது. ரெண்டாவது கியர்ல மொனகிக்கினு கீது. கரும் பொக வேற. மீட்டர்ல லைட்டு ஒண்ணு எரிஞ்சிக்கினே கீது."

"லோடு எவ்ளோ?"

"முப்பது மூட்ட."

"அதோட நீயும், உன் மச்சானும்?"

"ஆமா."

"மச்சான எறக்கிட்டுப் பாத்தியா?"

பழைய சென்சாரைப் பார்த்தேன். வயதாகித் தேய்ந்தது, சந்தேகமில்லை. ஏர் பில்டரில் ஒரு ஏக்கர் புழுதி. இரண்டையும் மாற்றச் சொன்னேன். நான்கு ஒயர், முன் பக்கத்துச் சென்சார், கனெக்டரோடு. முதலாளி கத்தியால் டப்பாவைத் திறந்தார், சென்சாரை எடுத்தார். எந்தச் சாமானுக்கும் முகம் எது என்று பார்த்துத்தான் பொட்டு வைப்பார். சென்சாருக்கு முகம் மூக்குப் பக்கம் என்று முடிவு பண்ணி, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிச் சந்தனம் வைத்து, விபூதியைத் தூவி, காயவிட்டு மூடினார். நான் பக்கத்தில் நின்று ஏழுமலையிடம் என் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூக்குல எதுவும் படக் கூடாது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தோம்.

மூன்று வாரத்தில் ஏழுமலை திரும்பி வந்தான். மறுபடி கரும்புகை, மறுபடி லைட். மூக்கு கன்னங்கரேல் என்று இருந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று நினைத்து, அவன் மெக்கானிக் செல்வத்திடம் இன்ஜெக்டரைக் கழுவச் சொன்னேன், பிளக் மாற்றச் சொன்னேன், சைலன்சர் ஜாயின்ட்டில் காற்று வருகிறதா பார்க்கச் சொன்னேன். எல்லாம் செய்தான். இரண்டாவது சென்சாரும் போட்டான். அதுவும் மூன்று வாரம்.

மூன்றாவது போட்டுப் பத்தாவது நாள் ஏழுமலை கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றான். கரிந்த சென்சாரைத் துணியில் சுற்றி வைத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எட்டு நாள்ல ஆர்.டி.ஓ. ஆபீசுல எப்.சி.க்கு வண்டியக் காட்டணும்க்கா. இந்தப் பொகயோட போனா பெயில் பண்ணிடுவான். எப்.சி. இல்லாம வண்டி ரோட்டுல ஓடக் கூடாது. மில்லுக்காரரு வேற வண்டி பாத்துக்கிறேன்னுட்டாரு."

"செல்வம் இன்னா சொல்றான்?"

"உங்க கடையில டூப்ளிகேட் சாமான் விக்கிறாங்கன்றான்."

"நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. போன மாசம் வரிக்கும் உங்களத் தவிர யார் பேச்சும் கேக்க மாட்டேன். இப்போ வண்டிய எடைக்குப் போட்டுட்டு, திரும்பப் பழைய மொதலாளிகிட்டயே டிரைவரா போலாமான்னு பாக்கறேன்."

இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

கொண்டை ஊசியை எடுத்துச் சென்சாரின் மூக்கைச் சுரண்டினேன். மேலே கரி. கரிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு ஓடு, துளைக்குள் கெட்டியாக அடைத்திருந்தது. மூக்கு அடைத்த சென்சார் புகையை முகர முடியாமல், பெட்ரோல் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் இன்னும் ஊற்றியிருக்கிறது. அதனால்தான் கரி. அது வரைக்கும் புரிந்தது. அடைத்தது எது என்று புரியவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் ஒரு சொட்டு குறையவில்லை. பேஸ்ட் போடவே இல்லை என்று செல்வம் தன் பிள்ளை மேல் சத்தியம் பண்ணியிருந்தான்.

அப்போதுதான் காதர் பாய் ஃபேன் பெல்ட் வாங்க வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, அதே மாதிரிக் குட்டி யானையில் ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி விழுப்புரம் மார்க்கெட்டுக்கு வருகிறவர். ஏழுமலையின் முதல் சென்சார் வந்த அதே கட்டிலிருந்து அவருக்கும் ஒன்று கொடுத்திருந்தேன்.

"பாய், உங்க சென்சார் எப்பிடி கீது?"

"அதுக்கு இன்னா. மாட்னதோட மறந்துட்டேன். லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்குது."

"மாட்றப்ப நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"நான் இன்னாம்மா பண்ணப் போறேன். நீ குடுத்த டப்பாவ அப்பிடியே மெக்கானிக்காண்ட குடுத்தேன்."

அப்படியே. அந்தச் சொல்லில் எனக்கு ஞாபகம் வந்தது. பாய் சென்சார் வாங்கின அன்றைக்கு முதலாளி கத்தியை எடுத்தார், பாயைப் பார்த்தார், கத்தியை மடக்கி வைத்துவிட்டார். டப்பாவைத் திறக்காமல் இரண்டு கையாலும் கொடுத்து, "உங்க மொறப்படி பண்ணிக்குங்க பாய்" என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

ஏழுமலையின் சென்சாருக்குள் போய், பாயின் சென்சாருக்குள் போகாதது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் இல்லாத நேரம்.

இதற்குள் முதலாளி ஏழுமலைக்கு நாலாவது சென்சாரை அவரே எடுத்து வந்துவிட்டார். கத்தி டப்பா மேல் போய்விட்டது. இரண்டு கஸ்டமர் நிற்கிறார்கள். சொன்னால் கடையின் கைராசி இவர்கள் முன்னாலேயே போகும். சொல்லாவிட்டால் ஏழுமலை வண்டி எடைக்குப் போகும்.

"மொதலாளி, தொறக்காதீங்க."

"ஏன்?"

"மூக்கு அடச்சிக்கினு கீது."

"எனக்கா?"

"சென்சாருக்குங்க."

காலையில் அவர் பொட்டு வைத்து, திண்டிவனம் போக எடுத்து வைத்திருந்த சென்சார் ஒன்று மேசையில் இருந்தது. அதன் மூடியைக் கழற்றினேன். அவர் கையிலிருந்த புதியதையும் வாங்கிப் பிரித்து, இரண்டையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். புதியதில் துளை வழியாக உள்ளே இருக்கிற பீங்கான் வெள்ளையாகத் தெரிந்தது. மற்றதில் சந்தனம்தான் தெரிந்தது. நல்ல சந்தனம், ஒரு துளை விடாமல் அடைத்திருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டையும் வாங்கிப் பார்த்தார்.

"நான் டப்பா மேலதான வெச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"ஆமாங்க."

"சாமானுக்குப் போய்ச் சேரலன்னு சொன்னது நீதான."

"நான்தாங்க. விளையாட்டுக்குச் சொன்னேன்."

"விளையாட்டுன்னு சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா அது விளையாட்டில்லீங்களே."

அவர் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார். ஏழுமலை பக்கம் திரும்பினார். "தம்பி, உன் வண்டி மேலயும் தப்பில்ல, செல்வம் மேலயும் தப்பில்ல. கெடுத்தது நாங்க. இத எடுத்துக்கினு போ" என்றார். முப்பத்தோரு வருடத்தில் அவர் பேசினதில் நீளமான பேச்சு அது.

ஏழுமலை வாங்கிக்கொள்வான் என்று பார்த்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பொட்டு வெக்காத சாமானா?"

"ஆமா."

"எப்.சி.க்குப் போற வண்டிக்கா?"

"அடப்பாவி, பொட்டுதான்டா இவ்ளோ நாளா உன் வண்டிய அடச்சிது" என்றேன்.

"அதுக்குன்னு ஒண்ணுமே வெக்காம எப்பிடிக்கா மாட்றது. மனசு வராது."

"என் வண்டி ஓடுதில்லப்பா" என்றார் காதர் பாய்.

"நீங்க ஓதிக்குவீங்க பாய்."

"ஓதினேன். சாவி போடறப்ப பிஸ்மில்லா சொன்னேன். சென்சாரத் தொறந்து அதுக்குள்ள ஊதல."

முதலாளி சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வழக்கமாக ஒரு நாள் யோசிப்பவர், அன்றைக்கு அரை நிமிடத்தில் முடித்தார். கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஏழுமலையின் நெற்றியில் பெரியதாகச் சந்தனம், குங்குமம் வைத்து, விபூதியைப் பட்டையாகப் பூசினார்.

"வண்டிய ஓட்டறவன் நீ. ஒனக்கு வெச்சா வண்டிக்கு வெச்ச மாதிரி. மூக்காண்ட மட்டும் வராம பாத்துக்க."

ஏழுமலை சென்சாரை வாங்கிக்கொண்டான். செல்வம் பேட்டரி ஒயரை அரை மணி நேரம் கழற்றி வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பழசை மறக்கடித்து, அதை மாட்டினான். இதற்கிடையில் கத்தி வந்த பிறகு சென்சார் வாங்கினவர்கள் யார் யார் என்று முகத்தை நினைத்து நினைத்துச் சொன்னேன். ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் முதலாளியே போன் போட்டு, வந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னார். ஒருவர் மட்டும், மாற்ற வேண்டாம், பொட்டு வைத்ததே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எட்டாவது நாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. "அக்கா" என்றான் ஏழுமலை. அப்புறம் சத்தம் இல்லை.

"ஏம்பா, அழுவுறியா, டவர் இல்லியா?"

"பாஸ்க்கா. பொகயே இல்லன்னு மெசின ரெண்டு வாட்டி வெச்சிப் பாத்தாங்க."

நான் போனை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு, சரி, சரி என்று சொல்லி வைத்தார். மறுபடியும் டப்பாவுக்கே பொட்டு வைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

போன வருடம் முட்டி ஒத்துழைக்காததால் வேலையை விட்டு நின்றுகொண்டேன். இப்போது கவுன்ட்டரில் ஒரு பெண் இருக்கிறாள். வண்டி நம்பரைத் தட்டினால் சாமான் பெயர் வந்து நிற்கிறது. நல்லதுதான். மூக்கை மட்டும் அவளும் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள்.

கடைசி நாள் சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எந்தச் சாமானுக்கும் முகம் எது என்று பார்ப்பாரே, அந்த மாதிரி. அப்புறம் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, நெற்றியை விட்டுவிட்டு, என் மூக்கு நுனியில் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விளையாட்டா, முதலாளி என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் அது விளையாட்டில்லையே என்று கேட்கவில்லை. துடைக்கவும் இல்லை. அந்தக் கடையின் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள்.

வெளியே ஏழுமலை வண்டி நின்றது. மில்லில் மூட்டையை இறக்கிவிட்டு, என்னைக் கொண்டுபோய் விடுவதற்காகவே இந்தப் பக்கம் வந்திருந்தான். ஏறி உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா மூக்குல சந்தனம்?"

"எனக்கு எப்.சி. பண்ணி அனுப்பியிருக்காரு" என்றேன்.

"பாஸா?"

"பொகயே இல்லயாம். நீ ஜல்தி போ."

வண்டி மேம்பாலத்தை மூன்றாவது கியரிலேயே ஏறியது.